தாய்வழி ஒரு இனம், உடல்வழி ஒரு இனம்: வடக்கு நீர்நிலைகளின் சார் மீன்கள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அலேன் ஏரி என்று ஒன்று இருக்கிறது. அதில் வாழ்வது புரூக் டிரவுட் என்ற மீன். கையில் எடுத்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிடும். முதுகில் புழு ஊர்ந்த தடம்போல வெளிறிய நெளிகோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், அடித்துடுப்புகளின் முன்விளிம்பில் பால்வெள்ளைக் கோடு, அதை ஒட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. உட்கரு டிஎன்ஏவும் இது புரூக் டிரவுட் என்றே சொல்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று இருக்கும் தனி டிஎன்ஏவைப் படித்தபோதோ ஆர்க்டிக் சார் என்கிற இன்னொரு இனத்தின் வரிசை வந்து நின்றது. இத்தனைக்கும் அந்த ஏரியில் ஆர்க்டிக் சார் இல்லவே இல்லை. லாவல் பல்கலைக்கழகத்தின் லூயி பெர்னாட்செவும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் இதை வெளியிட்டார்கள். போர்ட்நெஃப் ஆற்றுப் படுகையில் தொடர்ந்து தேடியபோது இதே நிலை வேறு புரூக் டிரவுட் கூட்டங்களிலும் தென்பட்டது. 1998இல் வந்த மற்றோர் ஆய்வில், லேக் டிரவுட் கூட்டம் ஒன்றும் முழுக்க ஆர்க்டிக் சாரின் மைட்டோகாண்ட்ரியாவைச் சுமப்பது தெரிந்தது.

இனம் கண்டுபிடிக்க ஒரே ஒரு மரபணுத் துண்டைப் படித்தால் போதும் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மீனைத்தான்.

சார் மீன்கள் சால்வெலினஸ் என்ற பேரினம். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தவை. (நீலகிரியின் அவலாஞ்சியில் வளர்க்கும் ரெயின்போ டிரவுட்டும் இதே குடும்பம்தான், ஆனால் வேறு பேரினம்.) வட அமெரிக்காவில் ஐந்து இனங்களைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பிடிபடும். கிழக்கில் புரூக் டிரவுட். ஆழமான குளிர் ஏரிகளில் லேக் டிரவுட். துருவத்தைச் சுற்றி ஆர்க்டிக் சார். உலகிலேயே வடக்கே வெகுதூரம் வரை வாழும் நன்னீர் மீன் இதுதான். பசிபிக் கரையில் டாலி வார்டன். மேற்கு மலைத்தொடர்களின் ஆறுகளில் புல் டிரவுட். கடைசி இரண்டையும் நெடுங்காலம் ஒரே இனமாகவே கருதினார்கள். 1978இல்தான் டெட் கேவெண்டர் புல் டிரவுட்டைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். பெயர்களில் 'டிரவுட்' என்று வந்தாலும் இவை எல்லாமே சார்கள்.

குரோமோசோம் கணக்கு இங்கே முக்கியம். புரூக் டிரவுட்டுக்கும் லேக் டிரவுட்டுக்கும் 84. புல் டிரவுட்டுக்கு 78. ஆர்க்டிக் சாருக்கும் பெரும்பாலும் 78தான். 84ம் 84ம் சேர்ந்தால் பிறப்பது ஸ்பிளேக்: லேக் டிரவுட் பெண்ணின் முட்டைக்குப் புரூக் டிரவுட் ஆணின் விந்து சேர்த்துப் பண்ணையில் உண்டாக்கும் கலப்பு. இது மலடல்ல, முட்டையிடும். ஹியூரான் ஏரியில் மீன்களின் உடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரேயின் தாக்குதலால் லேக் டிரவுட் ஏறக்குறைய அழிந்தபோது, லாம்ப்ரே பற்றிக்கொள்ளும் அளவுக்கு உடல் பெருப்பதற்குள் முட்டையிட்டுவிடட்டும் என்ற எண்ணத்தில் ஒன்டாரியோ அரசு ஸ்பிளேக்கைத்தான் நம்பியது. 84ம் 78ம் சேர்ந்த புரூக், புல் கலப்புக்கோ 81. ஒற்றைப்படை எண் என்றாலே விந்தும் முட்டையும் உருவாகும்போது ஜோடி சேர்வதில் சிக்கல் வரும்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து மலட்டுத்தன்மையைத் தீர்மானித்துவிடக் கூடாது. ஐரோப்பியப் பண்ணைகளில் அல்சேஸ் சார் என்று விற்பது ஆர்க்டிக் சாரும் புரூக் டிரவுட்டும் கலந்தது. எண் பொருந்தாவிட்டாலும் அது இனப்பெருக்கம் செய்கிறது. அலேன் ஏரியில் நடந்ததும் இதே ஜோடிக்கு இடையிலான கலப்புதான்.

அது எப்படி நடந்திருக்கும்? மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும். தந்தையின் பங்கு இல்லை. ஆர்க்டிக் சார் பெண் ஒன்று புரூக் டிரவுட் ஆணோடு சேர்ந்து ஒரு மகளைப் பெறுகிறது. அந்த மகளின் உட்கருவில் சாரின் பங்கு 50 சதவீதம். அவளும் அவள் மகள்களும் தலைமுறைதோறும் புரூக் டிரவுட் ஆண்களோடே சேர்ந்தால் அந்தப் பங்கு 25, 12.5, 6.25 என்று பாதிபாதியாகக் குறையும். பத்தாவது தலைமுறையில் சராசரியாக 0.1 சதவீதத்துக்கும் கீழே. மூன்று வருடத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்தாலும் 30 வருடம்தான். மைட்டோகாண்ட்ரியா மட்டும் இந்தப் பத்துத் தலைமுறையிலும் அப்படியே, முழுச் சார். பிறகு கூட்டம் சிறுத்து ஒருசில பெண்மீன்களின் வழியே மட்டும் வம்சம் தொடர்ந்தால், எந்த மைட்டோகாண்ட்ரியா மிஞ்சும் என்பது குலுக்கல் முறைதான். உட்கரு மரபணுவைவிட மைட்டோகாண்ட்ரியா இப்படித் தற்செயலாக நிலைத்துவிடுவது எளிது, ஏனென்றால் கூட்டத்தில் அதன் பிரதி எண்ணிக்கை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான்.

இனங்கள் சந்தித்த இடத்தைப் பனியுகத்தில் தேட வேண்டும். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியிருந்தது. மீன்கள் அதன் ஓரங்களில், பனி மூடாத மூலைகளில் தஞ்சம் புகுந்தன. பனி உருகிப் பின்வாங்கியபோது அதன் விளிம்பில் பிரமாண்டமான ஏரிகள் தேங்கின. இன்று தொடர்பே இல்லாத ஆறுகள் அன்று ஒரே நீர்ப்பரப்பு. சார்களும் டிரவுட்களும் அதில் ஒன்றாக நீந்தின. நிலம் உயர்ந்து, நீர் வடிந்து, வெப்பம் கூடியதும் குளிர் விரும்பியான ஆர்க்டிக் சார் தெற்கு நீர்நிலைகளிலிருந்து மறைந்தது. விட்டுச்சென்றது தாய்வழியை மட்டும்.

தனித்தனித் தஞ்சங்களில் பிரிந்திருந்ததால்தான் ஒரே இனத்துக்குள்ளும் மரபுக் கிளைகள் உண்டாயின. ஆர்க்டிக் சாரின் மைட்டோகாண்ட்ரியாவைத் துருவம் சுற்றி ஒப்பிட்டு 2001இல் வந்த ஆய்வு ஐந்து கிளைகளைக் காட்டியது: அட்லாண்டிக், சைபீரியா, அக்கேடியா, பெரிங், ஆர்க்டிக். அக்கேடியக் கிளை தெற்குக் கியூபெக், நியூ பிரன்ஸ்விக், மெய்ன் பகுதிகளின் கடலுக்குப் போகாத சார்கள். புல் டிரவுட்டிலும் கடலோரக் கிளை, உள்நாட்டுக் கிளை என்று இரண்டு. இந்தக் கிளைப்படங்கள் மதிப்புள்ளவை, ஆனால் இவற்றில் பலவும் முதலில் மைட்டோகாண்ட்ரியாவை வைத்து வரையப்பட்டவை என்பதை மறக்கக்கூடாது. கிளைப்படம் காட்டுவது தாய்மார்களின் பயணத்தை. அந்த உடல்கள் வேறு வழியாகவும் வந்திருக்கலாம்.

இதுவரை சொன்னது மனிதர் கை படாத கலப்பு. இனி சொல்வது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிழக்கத்திய புரூக் டிரவுட்டைத் தூண்டில்காரர்களுக்காக மேற்கு மலைகளின் ஓடைகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தது புல் டிரவுட். இரண்டும் இலையுதிர் காலத்தில் முட்டையிடுபவை. தண்ணீர் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் புல் டிரவுட் சரளையைத் தோண்டத் தொடங்கும். அதே ஓடையில், அதே வாரங்களில் புரூக் டிரவுட்டும் தோண்டிக்கொண்டிருக்கும். புல் டிரவுட் பெரும்பாலும் 5 முதல் 7 வயதில்தான் பருவமடைகிறது. புரூக் டிரவுட் 2, 3 வயதிலேயே தயாராகிவிடும். எண்ணிக்கையில் யார் முந்துவார்கள் என்பது தெரிந்ததுதான்.

மொண்டானா பல்கலைக்கழகத்தின் ராப் லியரி, ஃபிரெட் ஆலன்டார்ஃப் குழு 1983லேயே லோலோ ஓடையின் தென்கிளையில் இதைப் பதிவு செய்தது. கலப்பு மீன்கள் நிறைய, ஏறக்குறைய எல்லாமே முதல் தலைமுறை, பெரும்பாலானவை ஆண்கள். பிற்பாடு கூடுதல் மார்க்கர்களைக் (இனத்துக்கு இனம் வேறுபடும் டிஎன்ஏ இடங்கள்) கொண்டு பார்த்தபோது பின்கலப்பும் (கலப்பு மீன் மறுபடி பெற்றோர் இனம் ஒன்றோடு சேர்வது) கிடைத்தது, ஆனால் சொற்பமாக. மரபணுக்கள் கலந்து ஒரு புதிய இனம் உருவாவதில்லை என்பதால் ஆபத்து குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு புல் டிரவுட் தாய் அந்த வருடத்து முட்டை முழுவதையும் புரூக் டிரவுட் ஆணுக்குக் கொடுத்துவிட்டால், அவள் வம்சத்துக்கு அந்த வருடம் பூஜ்யம். ஓடைக்குப் பத்துப் பதினைந்து தாய்மீன்களே மிஞ்சியிருக்கும் இடத்தில் இந்த நஷ்டம் கூட்டத்தையே சாய்த்துவிடும். அமெரிக்காவில் 1998லும் 1999லுமாகப் புல் டிரவுட் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகச் சட்டப் பாதுகாப்புக்குள் வந்ததற்கான காரணங்களில் இதுவும் உண்டு.

கரையில் நின்று இனம் பிரிக்க முதுகுத் துடுப்பைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் புரூக் டிரவுட்டின் துடுப்பில் கறுப்பு நெளிகோடுகளும் பட்டைகளும் தெளிவாகத் தெரியும். புல் டிரவுட்டின் துடுப்பு துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அதனால்தான் மொண்டானாவிலும் ஆல்பர்ட்டாவிலும் துடுப்பில் கறுப்பு இல்லையென்றால் மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடு என்று தூண்டில்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் தலைமுறைக் கலப்பில் இரண்டுக்கும் நடுவே, மை கசிந்ததுபோல் மங்கலான கறைகள் தெரியும். பின்கலப்பில் அந்தக் கறையும் பெரும்பாலும் மறைந்துவிடும். சிறு குஞ்சுகளிலோ எந்த அடையாளமும் நம்பத்தக்கதல்ல. கண்ணால் பார்த்து 'சுத்தமான புல் டிரவுட்' என்று எழுதிய பட்டியல்களை மரபணுச் சோதனை இல்லாமல் ஏற்கவே கூடாது.

சோதனைக்கு மீனைக் கொல்ல வேண்டியதில்லை. 1980களில் என்சைம்களை ஒப்பிட்டு இனம் பிரித்த முறைக்குத் தசை, கல்லீரல், கண் எல்லாம் உறைந்த நிலையில் வேண்டியிருந்தது. இப்போது சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு துடுப்புத் துண்டு போதும். அதை 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். துண்டின் பருமனைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு திரவம் இருக்கட்டும். துண்டிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கவைத்துவிடும் என்பதால் மறுநாள் ஊற்றிவிட்டுப் புதிது நிரப்புவது நல்லது. சீட்டை பென்சிலால் எழுதிக் குப்பிக்குள் போட வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்து, நாற்பது குப்பி எது எதுவென்று தெரியாமல் போன கதைகள் இந்தத் துறையில் ஏராளம். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே கத்தரிக்கோலைத் துடைத்துச் சுடரில் காட்ட வேண்டும். கலப்பைத் தேடும் ஆய்வில் இது வெறும் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல: புரூக் டிரவுட்டின் சளி ஒட்டிய கத்தரியால் புல் டிரவுட்டை நறுக்கினால், சோதனையில் அது கலப்பு மீனாகவே தெரியும். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும்.

எந்த மீன்களை எடுக்கிறோம் என்பதிலும் தவறு நடக்கும். ஒரே திருப்பத்தில் ஒரே வயதுக் குஞ்சுகள் முப்பதை அள்ளினால், அவை எல்லாமே ஒரே தாய்க்குப் பிறந்தவையாக இருக்கலாம். அந்தத் தாய் கலப்பாக இருந்தால் ஓடையே கலப்பு என்று முடிவாகும், இல்லையென்றால் ஓடையே சுத்தம் என்று முடிவாகும். ஓடையின் நீளம் முழுக்க, பல வயதுகளில் எடுக்க வேண்டும்.

எத்தனை மீன், எத்தனை மார்க்கர்? இங்கே நிறையப் பேர் குழம்புவதால் கணக்கைப் போட்டே பார்ப்போம். 25 மீன், இரண்டு இனத்தையும் பிரித்துக்காட்டும் 7 மார்க்கர். மீனுக்கு ஒவ்வொரு மார்க்கரிலும் இரண்டு பிரதி. ஆக 350 பிரதிகள். பழைய கலப்பு ஒன்று கூட்டம் முழுக்கப் பரவி, அந்நிய மரபணு 1 சதவீதம் இருக்கிறது என்று வைப்போம். 350இல் ஒன்றுகூடச் சிக்காமல் போகும் வாய்ப்பு 0.99இன் 350ஆம் அடுக்கு, அதாவது சுமார் 0.03. நூற்றுக்கு 97 முறை பிடித்துவிடலாம். இப்போது அதே 1 சதவீதம் வேறு விதமாக இருக்கட்டும்: நூறு மீனில் 2 மட்டும் முதல் தலைமுறைக் கலப்பு, மற்ற 98ம் சுத்தம். இப்போது அந்த 2 மீனில் ஒன்று வலையில் விழுந்தால்தான் உண்டு. 25 மீனில் அது விழாமல் போகும் வாய்ப்பு 0.98இன் 25ஆம் அடுக்கு, சுமார் 0.60. பாதிக்கு மேல் தவறவிடுவோம். ஆயிரம் மார்க்கர் வைத்தாலும் இந்த 0.60 மாறாது, 95 சதவீத நம்பிக்கை வேண்டுமானால் 149 மீன் வேண்டும். புல், புரூக் கலப்பு இந்த இரண்டாவது வகை. 25 மீனைப் பார்த்து ஓடைக்குச் சான்றிதழ் கொடுப்பது செல்லாது.

தனி மீனை வகைப்படுத்துவதற்கோ நேரெதிர்: அங்கே மார்க்கர்தான் பேசும். முதல் பின்கலப்பில் ஒவ்வொரு மார்க்கரும் கலப்பாகத் தெரிய வாய்ப்பு பாதி. நாலே மார்க்கர் வைத்திருந்தால் 16 பின்கலப்பு மீனில் ஒன்று முதல் தலைமுறைக் கலப்பாகவும், இன்னொன்று சுத்தமான மீனாகவும் வேஷம் போடும். 10 மார்க்கர் வைத்தால் அது 1024இல் ஒன்றாகிவிடும். ஆனால் மூன்றாவது பின்கலப்பில் பத்து மார்க்கரும் சுத்தமாகத் தெரியும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். 40 மார்க்கர் இருந்தால்தான் அது அரை சதவீதத்துக்கு வரும். இந்த மார்க்கர்கள் வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்க வேண்டும். சால்மன் குடும்பத்து ஆண்களில் குரோமோசோம் பகுதிகள் இடம் மாறிக்கொள்வது மிகக் குறைவு. தந்தையின் குரோமோசோம் ஏறக்குறைய முழுத்துண்டாகவே இறங்கும். ஒரே குரோமோசோமில் ஏழு மார்க்கர் வைத்தால் அது ஏறக்குறைய ஒன்று வைத்ததற்குச் சமம்.

இன்னொரு பொறி இந்தக் குடும்பத்துக்கே உரியது. சுமார் 8 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இவற்றின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்தது. அதனால் பல மரபணுக்களுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி இரண்டு இடங்கள். வரிசை படிக்கும் கருவியின் மென்பொருள் அந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால், அந்த இடத்தில் எல்லா மீனும் கலப்பாகத் தெரியும், பார்ப்பதற்கு முதல் தலைமுறைக் கலப்பு போலவே. ஒரு மார்க்கரில் மொத்தக் கூட்டமும் கலப்பு என்றால், அல்லது இரண்டு பிரதிகளின் வாசிப்பு எண்ணிக்கை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலிருந்து விலகினால், அந்த மார்க்கரைத் தூக்கி எறிய வேண்டும். இதேபோல், பத்து மார்க்கரில் ஒன்பது சுத்தமாக இருந்து ஒன்றில் மட்டும் அந்நிய வடிவம் பல மீன்களில் வந்தால், அது பெரும்பாலும் கலப்பல்ல. அந்த உள்ளூர்க் கூட்டத்திலேயே பழங்காலம் தொட்டு இருக்கும் வேறுபாடு. உண்மையான கலப்பு எல்லா மார்க்கரிலும் தடம் விடும்.

கலப்பு நடந்தும் இனங்கள் கரையாமல் நிற்கும் இடமும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் துட்டாடே ஏரிப் படுகையில் புல் டிரவுட்டும் டாலி வார்டனும் இயற்கையாகவே ஒன்றாக வாழ்கின்றன. புல் டிரவுட் ஏரிக்குப் போய் மற்ற மீன்களைத் தின்று பெரிதாக வளர்ந்து, முட்டையிட ஓடைக்குத் திரும்புகிறது. டாலி வார்டன் ஓடையிலேயே சிறியதாக இருந்துவிடுகிறது. பெரிய ஜோடி முட்டையிடும் நொடியில் சிறிய ஆண் பக்கத்திலிருந்து பாய்ந்து விந்து விட்டால் கலப்பு பிறக்கும். பிறக்கிறது, பின்கலப்பும் இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலான மீன்கள் இரண்டில் ஒரு பக்கம்தான். ஏரி வாழ்க்கைக்கும் ஓடை வாழ்க்கைக்கும் இடைப்பட்ட மீனுக்கு இரண்டிலும் சரியான இடம் அமைவதில்லை. பல்லாயிரம் ஆண்டுத் தொடர்பில் உருவான இந்தத் தடுப்பு, நூறு வருடத்துக்கு முன் லாரியிலும் ரயிலிலும் வந்திறங்கிய மீனுக்கு எதிராக இருக்காது. நியூ ஹாம்ப்ஷயரின் சனாப்பி ஏரியில் அதுதான் நடந்தது. அங்கே இருந்த அக்கேடியக் கிளைச் சாரோடு, கொண்டுவந்து விட்ட லேக் டிரவுட் கலந்தது. அந்தச் சார் ஏரியிலிருந்து போய்விட்டது. அதே வகை மெய்ன் மாநிலத்தின் ஃபிளட்ஸ் பாண்டில் பிழைத்திருக்கிறது. பாங்கர் நகரத்தின் குடிநீர் அந்த ஏரியிலிருந்து வருவதால் அதற்குக் காவல் பலம்.

புரூக் டிரவுட் மேலே ஏறி வராமலிருக்க ஓடையின் குறுக்கே தடுப்பு கட்டலாம்; ஆனால் அதே தடுப்பு புல் டிரவுட் ஏரிக்குப் போய்வரும் பாதையையும் அடைக்கும், மேலே சிக்கிய சிறு கூட்டம் தனித்துச் சுருங்கும். ரோட்டினோன் என்ற மீன் நஞ்சை ஊற்றினால் எல்லா மீனும் சாகும். ஐடஹோவின் மீன்வளத் துறை 2008இல் வேறு வழியைத் தொடங்கியது. புரூக் டிரவுட் குஞ்சுகளுக்கு எஸ்ட்ராடியால் என்ற பெண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து, எக்ஸ்ஒய் ஆண்குஞ்சுகளை முட்டையிடும் பெண்களாக வளர்த்தார்கள். அவற்றைச் சாதாரண ஆண்களோடு சேர்த்தால் நான்கில் ஒரு குஞ்சு ஒய்ஒய். அவற்றில் சிலவற்றையும் அதே தீனியால் பெண்ணாக்கி, ஒய்ஒய் ஆணோடு சேர்த்தால் பிறப்பதெல்லாம் ஒய்ஒய். இந்த ஆண்களை ஓடையில் விட்டால் அவற்றுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் ஆண். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மயக்கிப் பழைய மீன்களைப் பிடித்து அகற்றிக்கொண்டே வருடாவருடம் விட்டால் பெண்கள் தீர்ந்துபோகும். ஆனால் ஒய்ஒய் ஆணும் புரூக் டிரவுட்தான். புல் டிரவுட் இருக்கும் ஓடையில் விட்டால் அதுவும் புல் டிரவுட் தாயின் முட்டைக்குப் பின்னால் போகும். எங்கே விடலாம் என்பதை முதலில் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதைப் பார்க்க இப்போது பலரும் தண்ணீரையே வடிகட்டி, அதில் மிதக்கும் டிஎன்ஏவைத் தேடுகிறார்கள். மலிவு, வேகம், மீனைத் தொட வேண்டியதில்லை. வழக்கமான சோதனைகள் தேடுவது மைட்டோகாண்ட்ரியாவை, ஏனென்றால் ஒரு செல்லில் அதன் பிரதிகள் ஏராளம். ஆகவே புரூக் டிரவுட் தாய்க்குப் பிறந்த கலப்பு மீன்கள் மட்டும் நீந்தும் குட்டையிலிருந்து 'புரூக் டிரவுட்' என்று பதில் வரும். புல் டிரவுட் தாய்க்குப் பிறந்த கலப்பு மீன்கள் மட்டும் நீந்தினால் 'புல் டிரவுட் இருக்கிறது' என்று வரும். இரண்டு இனமும் ஒரே மடுவில் தெரிந்தால், அடுத்த வேலை தண்ணீரை மறுபடி வடிகட்டுவதல்ல. வலையும் கத்தரியும் எத்தனாலும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.